51 மணி நேரம்: ஆழிக்குமரன் ஆனந்தனும் சாதனைகளின் சாட்சிக் கணக்கும்

2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். எடுத்த நேரம் 28 மணி 19 நிமிடம். அதைப் பற்றிய செய்திகளில் இன்னொரு பெயரும் சேர்ந்து வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1971 இல், இதே நீரைப் போய்த் திரும்பி நீந்த 51 மணி நேரம் எடுத்த வி. எஸ். குமார் ஆனந்தனின் பெயர் அது. புதிய சாதனை எது என்று சொல்வதற்குப் பழையது எது என்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் இறந்து 37 ஆண்டுகளின் பின் அவருடைய பெயர் மறுபடி அச்சேறியது.

புறக்கோட்டையில் என் கடைக்கு வந்துபோகும் இளைஞர்கள் சிலர் அப்போது யார் இந்த ஆனந்தன் என்று கேட்டார்கள். அவர்கள் யுத்தத்துக்குள் பிறந்தவர்கள். வல்வெட்டித்துறை என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருகிற பெயர்கள் வேறு. நான் மணிக்கூடு திருத்துகிறவன். என் அப்பாவும் அதே தொழில். நேரத்தை அளப்பதும் அளந்ததை மற்றவன் நம்பும்படி எழுதிவைப்பதும் எங்களுக்குச் சோறு போட்ட வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஆனந்தனின் வாழ்க்கை ஒரு நீச்சல்காரனின் கதை மட்டுமல்ல. தான் செய்ததை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குச் சாட்சி வேண்டும் என்று விளங்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு தமிழனின் கதை.

ஆனந்தன் 1943 மே 25 அன்று பிறந்தவர். சொந்த ஊர் வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கடல் வேலிக்கு அப்பால் இருப்பதல்ல, முற்றத்தின் தொடர்ச்சி. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பெருங்கடல்களைத் தாண்டி, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஆனந்தன் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் நடந்தது அது. தூரம் என்பதை அஞ்சுவதற்குரிய ஒன்றாக அந்த ஊர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருக்குப் பதினொரு வயது நிரம்பப் போகிற நேரத்தில், 1954 மார்ச்சில், பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஒரு நாளுக்கும் மேலாக நீந்தி, தமிழகத்தின் கோடிக்கரையில் ஏறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதராக வடமராட்சி இன்றும் அவரையே சொல்கிறது. ஆனால் வெளியுலகில் பாக்குநீரிணை என்றதும் முதலில் வருவது கல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென்னின் பெயர். அவர் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். அதற்கு முன்னரே 1958 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் என்று பெயர் பெற்றிருந்தவர். அவருடைய நீச்சலைப் பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின, படகுகள் கூடவே போயின. நவரத்தினசாமி நீந்தியதோ பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர். அதுவும் ஏறத்தாழ இரு மடங்கு நீளமான வழியில். இரண்டு பேரின் மணிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பாதை வேறு, நீரோட்டம் வேறு. ஆனால் எது நூல்களில் ஏறியது, எது ஊர்வாயோடு நின்றது என்பதை ஒப்பிடலாம். அந்த வேறுபாட்டை நீச்சல் ஏற்படுத்தவில்லை. பதிவு ஏற்படுத்தியது.

அதே 1954 இல், மே மாதம் 6 ஆம் திகதி, ஒக்ஸ்போர்ட்டில் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். அன்று மைதானத்தில் ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தவர் நொரிஸ் மக்வேர்ட்டர். கையால் நேரம் குறித்த அந்த நாட்களின் ஓட்டப்பந்தய விதி எளிமையானது: மூன்று பேர், மூன்று கடிகாரங்கள். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும். ஒருவன் கண்ணை, ஒருவன் கையை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் அதன் பொருள். அடுத்த ஆண்டு, 1955 இல், இதே நொரிஸும் அவருடைய இரட்டைச் சகோதரர் ரொஸ்ஸும் தொகுத்த கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் முதற்பதிப்பு வந்தது. வடமராட்சியில் வளர்ந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவனின் பெயர் கால் நூற்றாண்டு கழித்து அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரப்போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1971 இல் ஆனந்தனுக்கு வயது 28. அவர் செய்தது ஒருவழிப் பயணம் அல்ல. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதைப் போய், அங்கேயே நின்றுவிடாமல் திரும்பினார். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி பட்டினம் அழிந்து போயிருந்தது. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து இரவு ரயிலேறித் தலைமன்னாரில் கப்பல் மாறியவர்கள் இறங்கிய துறை அது. ஆனந்தன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஊர் இல்லை, இடிபாடுகளும் மணலும்தான் இருந்தன. மொத்தம் 51 மணி நேரம். அதன் பிறகு மக்கள் அவரை ஆழிக்குமரன் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

போய்வருவதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை விளங்கிக்கொள்ள, நிலத்தில் அதிவேகமாக வாகனம் ஓட்டும் சாதனைகள் எப்படி அளக்கப்படுகின்றன என்று பார்ப்பது உதவும். அங்கே அடிப்படை விதி, குறித்த மைல் தூரத்தையோ கிலோமீற்றர் தூரத்தையோ ஒரே வாகனம் இரு திசையிலும் ஓட வேண்டும் என்பது. இரண்டு ஓட்டங்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஒரு திசையில் காற்று முதுகைத் தள்ளினால் மறுதிசையில் அதே காற்று முகத்தில் அடிக்கும். நிலம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் அப்படித்தான். இயற்கை கொடுத்ததை இயற்கையே திருப்பி எடுத்துவிடும். மிஞ்சுவது வாகனத்தின் சொந்த வேகம். பாக்குநீரிணையிலும் ஓட்டம் ஒரு பக்கமாக இழுக்கும், பருவக்காற்றோடு மாறும். போகும்போது உதவிய நீர் வரும்போது எதிர்த்து நிற்கும். போய்த் திரும்பியவனைப் பார்த்து நீரோட்டம் கொண்டுபோய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஒரு மணி நேர விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் உதாரணம். 1997 ஒக்டோபர் 13 அன்று அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் பிரித்தானியாவின் திரஸ்ட் எஸ்எஸ்சி என்ற வாகனம் இரு திசையிலும் ஒலியின் வேகத்தை மீறி ஓடியது. ஆனால் திரும்பும் ஓட்டம் ஒரு மணி நேர எல்லையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தாண்டிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள், கருவிகளும் அளந்தன, ஆனாலும் சாதனையாகவில்லை. இரண்டு நாள் கழித்து, 15 ஆம் திகதி, மறுபடி ஓடினார்கள். மணிக்கு 763.035 மைல், அதாவது ஏறத்தாழ 1228 கிலோமீற்றர். இன்றுவரை அதுதான் பதிவு. அந்த வேகத்தில் ஒரு மைலைக் கடக்க ஐந்து செக்கன் கூட ஆகாது. செக்கனில் நூறில் ஒரு பங்கு பிழைத்தாலே மணிக்கு ஒன்றரை மைலுக்கு மேல் கணக்கு மாறிவிடும். அதனால் கை அங்கே உதவாது. 1922 இல் மல்கம் காம்பெல் இங்கிலாந்தின் சோல்ட்பேர்ன் கடற்கரையில் ஓட்டிய வேகம், கையால் அழுத்தும் கடிகாரத்தில் அளக்கப்பட்டது என்பதாலேயே நிராகரிக்கப்பட்டது. மறு ஆண்டு டென்மார்க்கின் ஃபானோ தீவில் ஓட்டியபோது கருவி வைத்திருந்தார்கள், ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட வகைக் கருவி அல்ல என்று அதையும் தள்ளினார்கள். 1924 இல்தான் அவருக்குச் சாதனை கிடைத்தது.

ஆனந்தனின் களம் இதற்கு நேர்மாறு. அவர் வேகத்தைத் தேடவில்லை, நேரத்தின் நீளத்தைத் தேடினார். 1970 களின் பின்பாதியில் அவருடைய மேடை கடலிலிருந்து கொழும்புக்கு மாறியது. 1979 மே 2 முதல் 10 வரை, விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நிற்காமல் சைக்கிள் ஓடினார். 187 மணி 28 நிமிடம். தூரம் 1,487 மைல், ஏறத்தாழ 2,393 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீற்றர் கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை இதைவிட வேகமாக மிதிக்கும். ஆனால் ஏழு நாளும் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேலும் யார் மிதிப்பது?

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம், கடை புறக்கோட்டையில். ஒரு நாள் மாலை அப்பா கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பூங்காவுக்குப் போனார். எனக்கு வயது பன்னிரண்டு. சனம் நின்றது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து நின்று, அவர் ஒவ்வொரு சுற்று வரும்போதும் கைதட்டினார்கள். நான் சைக்கிளைப் பார்த்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தது மேசையை. அங்கே ஆட்கள் இருந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் அவர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். நல்ல மணிக்கூடு ஒன்று நாளுக்குப் பத்து செக்கன் பிந்தினால் கூட, எட்டு நாளில் அது எண்பது செக்கன்தான் பிந்தும். ஆகவே இந்த வேலையில் மணிக்கூடு பெரிய சிக்கல் இல்லை. இரவு மூன்று மணிக்கு, பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்தில், அவர் இறங்கி நிற்கவில்லை என்பதை யார் சொல்வது? அதுதான் சிக்கல் என்றார்.

கின்னஸ் புத்தகத்தின் விதிகளும் அதையேதான் கேட்டன. நீண்ட நேரச் சாதனைகளுக்கு இடைவிடாத கண்காணிப்பைக் காட்டும் கையெழுத்திட்ட பதிவேடு வேண்டும். சமூகத்தில் மதிப்புள்ள, தொடர்பில்லாத ஆட்களின் சாட்சியம் வேண்டும். உள்ளூர் அல்லது தேசியப் பத்திரிகைச் செய்தி வேண்டும். பொதுவான மரதன் வகை முயற்சிகளில் முடித்த ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிட ஓய்வு அனுமதிக்கப்பட்டது. நிற்காமல் என்று சொல்லப்படும் வகையில் அந்தச் சலுகையையும் நம்பியிருக்க முடியாது. நிற்காமல் என்ற சொல்லுக்கே என்ன பொருள் என்ற கேள்வியும் இருந்தது. ஆனந்தனுக்கு நான்கு ஆண்டுகள் பிந்தி, 1983 ஜூனில், போர்த்துக்கலில் கார்லோஸ் வியேரா என்பவர் 191 மணி நேரம் சைக்கிள் ஓடி அந்தச் சாதனையை முறியடித்தார். கின்னஸ் அதைப் பதிந்தபோது, மொத்த நேரத்தில் 98.7 வீதம் அவர் நகர்ந்துகொண்டிருந்தார் என்று கூடவே குறித்தது. மீதி ஒன்றேகால் வீதத்தை மறைக்காமல் எழுதியதால்தான் முழுக் கணக்கையும் நம்ப முடிகிறது.

ஆனந்தன் ஓடிய அதே 1979 இல், டிசெம்பர் 17 அன்று, கலிபோர்னியாவின் எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஸ்டான் பரட் என்ற சாகச நடிகர் ரொக்கெட் வாகனம் ஒன்றை ஓட்டினார். மணிக்கு 739 மைலைத் தாண்டி ஒலியின் வேகத்தை மீறிவிட்டதாக அவருடைய குழு அறிவித்தது. பெரிய நிறுவனத்தின் பணம், விமானப்படையின் ரேடார், உலகம் முழுதும் விளம்பரம், எல்லாம் இருந்தன. ஆனால் ஓடியது ஒரு திசையில் மட்டும். குறித்த தூரத்தை விதிப்படி இருமுறை அளக்கவில்லை. சர்வதேச மோட்டார் சம்மேளனம் அதை ஏற்கவில்லை. உண்மையில் அந்த வேகம் எட்டப்பட்டதா என்ற சண்டை பல தசாப்தங்களாக ஓயவில்லை. கொழும்புப் பூங்காவில் சாதாரண சைக்கிளும் கையால் எழுதிய பதிவேடும் வைத்திருந்தவரின் கணக்கு நூலில் ஏறியது. அதுதான் இந்த விடயத்தின் நியாயம். பணம் உள்ளவன் இல்லாதவன் என்று அது பார்ப்பதில்லை. எழுதிவைத்திருக்கிறாயா, யார் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்கும்.

மறு ஆண்டு, 1980 மே 15 முதல் 17 வரை, ஆனந்தன் கொழும்பில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். அதற்கும் விதி இருந்தது. தூக்கிய காலை ஊன்றிய காலின் மேல் சாய்க்கக்கூடாது. தடியோ வேறு பிடிமானமோ கூடாது. 1982 ஏப்ரலில் தமிழகத்தின் சத்தியமங்கலத்தில் என். ரவி என்பவர் 34 மணி நேரம் நின்று அதை முந்தினார். 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் ஆனந்தன் 80 மணி நேரம் தரையைத் தொடாமல் நீரில் நிமிர்ந்து மிதந்தார். அதை 1983 செப்டெம்பரில் மோல்ட்டாவின் அல்பேர்ட் ரிசோ 108 மணி 9 நிமிடத்தால் முறியடித்தார். ட்விஸ்ட் நடனம் 128 மணி நேரம். இப்படி ஏழு கின்னஸ் சாதனைகள் அவருடைய பெயரில் சொல்லப்படுகின்றன. ஒன்று போக ஒன்று என்று அவர் தேடிக்கொண்டே இருந்தார். சாதனை என்பது சொத்து அல்ல, குத்தகை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம் விளையாட்டா என்று கேட்டுச் சிரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருப்பார்கள். ஒற்றைக் காலில் நிற்பதால் யாருக்கு என்ன பயன்? கேள்வி சரியானதே. நித்திரையை வெல்லும் முயற்சிகளின் ஆபத்தை உணர்ந்து கின்னஸ் நிறுவனமே பின்னாளில் விழித்திருக்கும் சாதனையைக் கைவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1977 இல் இனக்கலவரம். அவர் பூங்காவைச் சுற்றி ஓடி இரண்டு மாதத்தில், 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம். அவர் சென்னையில் மிதந்த அதே 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அந்த நாட்களில் தமிழன் ஒருவனின் பெயர் இலங்கை என்ற நாட்டின் பெயரோடு சேர்ந்து உலக நூல் ஒன்றில் அச்சாகிக்கொண்டிருந்தது. உள்ளே எப்படி நடத்தப்பட்டோமோ, வெளியே அந்த வரியை யாரும் அழிக்க முடியவில்லை. எழுதப்பட்ட எண்ணுக்கு இனம் பார்த்து விலை குறைக்க முடியாது.

1983 ஜூலையில் புறக்கோட்டை எரிந்தபோது எங்கள் கடையும் போனது. திருத்தத்துக்கு வந்திருந்த மணிக்கூடுகளும், எது யாருடையது என்று எழுதிய கொப்பியும் சாம்பல். சில மாதங்களின் பின் வாடிக்கையாளர்கள் ஒருவர் ஒருவராக வந்தார்கள். அவர்களிடம் பற்றுச்சீட்டின் பாதி இருந்தது. அப்பாவிடம் மறுபாதி இல்லை. அந்தத் துண்டைப் பார்த்து, தன் கையெழுத்தை அடையாளம் கண்டு, ஒவ்வொருவருக்கும் சிறுகச் சிறுக ஈடு கொடுத்தார். கொடுத்து முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. எங்களுடைய இழப்புக்கு ஈடு கேட்டுப் போன இடத்தில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள்: கடையில் என்ன இருந்தது, அதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் கடையோடு எரிந்துவிட்டது. நம்மவர்களில் எத்தனை ஆயிரம் பேருக்கு இது நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஜூலைக்கு ஓராண்டு கழித்து ஆனந்தன் இங்கிலாந்தில் இருந்தார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பது அவருடைய அடுத்த குறி. நேர்த்தூரம் 33 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான ஒருவழித் தூரத்தைவிடச் சிறிதே அதிகம். அதில் போய்த் திரும்பியவருக்குத் தூரம் எதிரி அல்ல. எதிரி குளிர். பாக்குநீரிணையின் நீர் 28 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். கால்வாயின் நீர் நடுக்கோடையிலும் 16, 17 பாகைதான்.

அந்தக் கால்வாய் சாதனை அங்கீகாரத்தின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1875 இல் மத்தியூ வெப் 21 மணி 45 நிமிடத்தில் அதை முதலில் கடந்தார். 1927 ஒக்டோபரில் லண்டன் மருத்துவர் டொரதி லோகன் 13 மணி 10 நிமிடத்தில் கடந்ததாகச் சொல்லி, பத்திரிகை ஒன்று அறிவித்த ஆயிரம் பவுண் பரிசையும் பெற்றார். சில நாட்களில் அவரே உண்மையைச் சொன்னார். வழியில் பெரும்பகுதி நேரம் படகில் இருந்திருக்கிறார். எவ்வளவு இலகுவாக ஏமாற்றலாம் என்று காட்டவே செய்ததாக விளக்கமும் கொடுத்து, பரிசைத் திருப்பினார். அவர் செய்ததன் விலையை வேறொருத்தி கட்டினாள். சில நாட்கள் முன்னர்தான் மேர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற தட்டெழுத்தாளர் நேர்மையாகக் கடந்திருந்தார். இப்போது அவரையும் சந்தேகித்தார்கள். தன்னை நிரூபிக்க அவர் அதே மாதத்தில் குளிர்ந்த நீரில் மறுபடி இறங்கி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். அந்தக் குழப்பத்தின் நடுவே அதே ஆண்டில் கால்வாய் நீச்சல் சங்கம் உருவானது. அதன் பின் விதிகள் தெளிவாயின. ஒவ்வொரு நீச்சலுக்கும் படகில் ஒரு கண்காணிப்பாளர். கரையில் நின்று இறங்க வேண்டும், கரையில் நடந்து ஏற வேண்டும். குளிரைத் தடுக்கும் உடை கூடாது. உணவை நீட்டலாம், ஆனால் நீந்துபவர் படகையோ ஆளையோ தொட்டால் முயற்சி முடிந்தது.

1984 ஓகஸ்ட் 6 அன்று, அந்தக் கால்வாயை நீந்தும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41. ஐம்பத்தொரு மணி நேரம் கடலைத் தாங்கிய உடலைக் குளிர்ந்த நீர் சில மணி நேரத்தில் வென்றுவிட்டது.

அவர் இறந்த ஆண்டிலிருந்து அவர் நீந்திய கடலும் மாறிப்போனது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் நின்றது. வடகடலில் தடைகள் வந்தன. அதே முப்பது கிலோமீற்றரை எங்கள் சனம் இரவில், விளக்கில்லாத படகுகளில், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தது. யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எழுத யாரும் இல்லை. மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கும், நடுக்கடலில் கவிழ்ந்தவர்களுக்கும் பதிவேடு கிடையாது. ஆனந்தன் நீந்தியதை ஒரு நிமிடம் பிசகாமல் சொல்லக்கூடிய உலகத்துக்கு, அதே நீரில் இறந்த எங்களவர்களின் எண்ணிக்கை தெரியாது.

2009 இன் பின் நடந்ததும் அதுவே. மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணை வைத்தார். வன்னியில் இருந்ததாக 2008 ஒக்டோபரில் அரச செயலகங்களே பதிந்திருந்த மக்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அவர் எதையும் கற்பனை செய்யவில்லை. அரசு எழுதிவைத்த ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழித்தார், அவ்வளவுதான். அந்தக் கணக்கு மறுக்கப்படுகிறது, வாதிடப்படுகிறது. ஆனால் அது எழுதப்பட்ட எண்களிலிருந்து வந்ததால் யாராலும் அதை ஒரேயடியாகத் துடைத்தெறிய முடியவில்லை.

ஆனந்தனின் எண்கள் ஏறக்குறைய எல்லாமே இன்று முறியடிக்கப்பட்டவை. 33 ஐ 34 வென்றது, 80 ஐ 108 வென்றது, 187 ஐ 191 வென்றது, கடைசியாக 51 ஐ 28 வென்றது. அதனால் அவர் சிறுத்துப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. முறியடிக்கப்படுவதற்குக் கூட ஒரு கணக்கு முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நவரத்தினசாமிக்குக் கிடைக்காமல் போனதை ஆனந்தன் கண்ணால் கண்டு பாடம் எடுத்தார் என்றே நான் எண்ணுகிறேன். அதனால்தான் ஊர்க் கடலோடு நில்லாமல் தலைநகரின் நடுவில், எல்லோரும் பார்க்கும் பூங்காவில், மேசையும் பதிவேடும் வைத்து ஓடினார்.

வல்வெட்டித்துறையில், ரேவடிக் கடற்கரையோரம், இன்று அவருடைய பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே பழகுகிறார்கள். நல்லது. அதோடு இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. உங்கள் வீட்டில் கடல் கடந்தவர், கடை இழந்தவர், ஆளைத் தேடிக்கொண்டிருப்பவர் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பெயர், இடம், திகதி, நேரம், அப்போது அங்கே நின்ற இரண்டு பேர். கீழே கையெழுத்து. ஒரு கொப்பியின் ஒற்றைப் பக்கம் போதும். அதை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.